கர்ப்பத்துக்கு வாய்தா கிடையாது

என்னிடம் பொருளாதாரம் பயின்று, பின்னர் சட்டம் படித்து, இப்போது இலவச சட்ட உதவி வழக்கறிஞராகப் பணியாற்றும் முன்னாள் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சு அவருடைய கட்சிக்காரர் ஒருவரை நோக்கித் திரும்பியது. அண்டை மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றின் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த இளம்பெண் அவர். கணவர் வீட்டார் மீது தொடுக்கப்பட்ட கள்ளச்சாராய வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. கைதானபோது ஐந்து மாதக் கர்ப்பம். முதல் பிரசவம் அறுவைச் சிகிச்சை. ரத்த வகை நெகட்டிவ். இவ்விரு தகவல்களும் எழுதப்பட்டிருந்த தாய்-சேய் நல அட்டை, வீட்டு அலமாரியில் ஒரு பைக்குள் இருந்தது.

ஏழாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கவும் ரத்தப் பரிசோதனை செய்யவும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல நாள் குறிக்கப்பட்டது. முதல் முறை வழிக்காவலுக்கு ஆள் இல்லை. முக்கியப் பிரமுகர் ஒருவரின் வருகைக்காகக் காவலர்கள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தனர். இரண்டாம் முறை வாகனம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை அழைத்துச் சென்றார்கள். அன்று ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் விடுப்பில் இருந்தார். “வழக்குக்குத்தான் வாய்தா போடுவார்கள் என்று நினைத்திருந்தேன் சார். வயிற்றுக்கும் வாய்தா போடுகிறார்கள்” என்றார் மாணவி.

எட்டாம் மாதத்தில் பிணை கிடைத்தது. தாயும் சேயும் நலமாக உள்ளனர். அந்தப் பெண்ணின் நல்ல காலம் என்று சொல்லி அங்கே நிறுத்திவிடலாம். ஆனால், மாணவி சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. சிறையில் கர்ப்பிணிகளுக்கு உரிய மருத்துவம் கிடைக்காததற்குச் சட்டம் இல்லாமையையோ, பணம் இல்லாமையையோ நாம் வழக்கமாகக் காரணமாகச் சொல்கிறோம். இரண்டையும் விடப் பெரிய காரணம் காலம் பற்றியது என்று இப்போது எண்ணுகிறேன்.

இரண்டு நாட்காட்டிகள்

நம்முடைய குற்றவியல் நடைமுறை ஒத்திவைப்பின் மீது இயங்குவது. நீதிமன்றக் காவலை நீதித்துறை நடுவர் ஒரு தடவைக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நீட்டிக்கிறார். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள்கள் அவகாசம் உண்டு. சாட்சி வரவில்லை, அரசு வழக்கறிஞர் வரவில்லை, ஆவணம் வரவில்லை என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தேதி தள்ளிப்போகிறது. இந்தத் தாமதம் எல்லாச் சிறைவாசிகளையும் வாட்டுகிறது என்றாலும், இன்று நடக்காத சாட்சி விசாரணையை அடுத்த மாதம் நடத்திவிட முடியும்.

கர்ப்பத்தின் நாட்காட்டி வேறு. ஏறத்தாழ 40 வாரங்கள். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். நம் நாட்டின் அரசு நெறிமுறைப்படி, முதல் பரிசோதனை 12 வாரங்களுக்குள் நடக்க வேண்டும். அதன் பின் பிரசவத்துக்குள் குறைந்தது மூன்று பரிசோதனைகள். சிசுவின் உறுப்புகளில் குறை உள்ளதா எனக் காட்டும் ஸ்கேனை 18 முதல் 20 வாரங்களில் எடுக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை நோயை 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவாக உள்ள தாய்க்கு 28ஆவது வாரத்தில் ‘ஆன்டி-டி’ ஊசி; பிறந்த குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் எனில் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை 180 நாள்கள் தொடர்ந்து தர வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். சிறைக்குள் வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். எனவே, அந்தச் சராசரியைவிட அவர்கள் நிலை மேலாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

மேலே சொன்ன ஒவ்வொன்றும் செலவு குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பது. ஆனால், எதையும் ஒத்திவைத்துச் செய்ய முடியாது. 20ஆவது வாரத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனை 32ஆவது வாரத்தில் எடுத்தால் அதன் பயன் பெருமளவு போய்விடுகிறது. ஒத்திவைப்பையே வழக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பின் கையில், ஒத்திவைக்கவே முடியாத ஒன்றை ஒப்படைத்திருக்கிறோம். சிக்கலின் வேர் இதுதான்.

ஏட்டில் உள்ள தீர்ப்பு

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிறையில் உள்ள தாய்மார்களையும் குழந்தைகளையும் பற்றி விரிவான நெறிமுறைகளை வகுத்தது. கர்ப்பிணி ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன், அந்தச் சிறையில் பிரசவத்துக்கும், அதற்கு முன்னும் பின்னுமான கவனிப்புக்கும் குறைந்தபட்ச வசதி உள்ளதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தாலோ ஐயம் எழுந்தாலோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் பரிசோதித்து, கர்ப்பத்தின் காலம், உத்தேசப் பிரசவ நாள் ஆகியவற்றைக் கண்டறிந்து சிறைத் துறைத் தலைவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இயன்றவரை, தற்காலிக விடுவிப்பின் மூலம் பிரசவம் சிறைக்கு வெளியே நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும்; பாதுகாப்புக்குப் பெரும் அச்சுறுத்தலாக உள்ள விதிவிலக்கான நேர்வுகளில் மட்டுமே இதை மறுக்கலாம். சிறையில் குழந்தை பிறந்துவிட்டால், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது. பெயர் சூட்டும் சடங்குக்குக்கூட வசதி செய்து தரவேண்டும் என்று அத்தீர்ப்பு சொல்கிறது. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம்.

பிணைச் சட்டமும் பெண்களுக்கு ஓரளவு இடம் தருகிறது. கடுமையான குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், பெண் என்பதையோ நோயுற்றவர் என்பதையோ கருதி நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் காவலில் உள்ளோரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.

இவ்வளவு இருந்தும், மாணவி விவரித்தது போன்ற நிலை ஏன் ஏற்படுகிறது? 2006 தீர்ப்பை மீண்டும் பாருங்கள். உத்தேசப் பிரசவ நாளைக் குறிக்கும் அறிக்கை சிறைத் துறைத் தலைவருக்குப் போகிறது. 15 நாள்களுக்கு ஒருமுறை காவலை நீட்டிக்கும் நடுவருக்கும் அது போக வேண்டும் என்று நெறிமுறை சொல்லவில்லை. விடுவிக்கும் அதிகாரம் ஓரிடத்தில், நாள் பற்றிய அறிவு வேறோரிடத்தில். காவல் நீட்டிப்பு காணொலி வழியே நடக்கும்போது, திரையில் தோளளவு தெரியும் ஒரு பெண் எத்தனை மாதக் கர்ப்பிணி என்பதை நடுவர் எப்படி அறிவார்?

எண்ணப்படாதவர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவர அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். பெண்கள் 23,772 பேர். குழந்தைகளோடு இருந்த பெண்கள் 1,537 பேர், அக்குழந்தைகள் 1,764. அந்தத் தாய்மார்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத தாய்மார்களின் குழந்தைகளே சிறையில் வளரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் என்பது இதன் பொருள்.

கைக்குழந்தைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றில் உள்ளவற்றுக்கு அப்படியொரு கணக்கு பொதுப் பேச்சில் இடம்பெறுவதில்லை. அதன் விளைவை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். மேற்கு வங்கச் சிறைகளில் 196 குழந்தைகள் இருப்பதாகவும், பெண்கள் சிறைக்குள் இருக்கும்போதே கருவுறுவதாகவும் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிமன்ற நண்பராக நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் தெரிவித்தார். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அங்கு நீதிமன்ற நண்பராக இருந்த மூத்த வழக்கறிஞர் கௌரவ் அகர்வால் தந்த அறிக்கை, நான்கு ஆண்டுகளில் 62 குழந்தைகள் அச்சிறைகளில் பிறந்தன என்றும், பெரும்பாலான பெண்கள் சிறைக்கு வரும்போதே கர்ப்பிணிகளாக இருந்தனர் என்றும் தெளிவுபடுத்தியது. சிலர் பரோலில் சென்று கர்ப்பத்தோடு திரும்பியவர்கள். பரபரப்பு அடங்கியது. ஆனால், அந்த விளக்கத்துக்குள் இருந்த செய்தியை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தே, அல்லது தெரிந்துகொள்ள முயலாமலேயே, பெண்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பிரசவம்வரை அவர்களை அங்கேயே வைத்திருக்கிறோம்.

தமிழகம் அறிந்த ஒரு தாய்

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதான நளினி அப்போது கர்ப்பிணி. காவலில் இருக்கும்போதே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் அவருடைய மரண தண்டனையை உறுதிசெய்தபோது, நீதிபதி கே.டி. தாமஸ் மட்டும் மாறுபட்டார். சிறையில் பிறந்து, தாயின் அரவணைப்பைக்கூட அறியாத சிறுமி ஒருத்தி இருப்பதை அவர் தம் தீர்ப்பில் கருத்தில் கொண்டார். 2000ஆம் ஆண்டில் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2019இல் மகளின் திருமண ஏற்பாடுகளுக்கெனப் பரோல் கேட்டு, நளினி சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். 2022 நவம்பரில் விடுதலையானபோது, சிறையில் பிறந்த குழந்தை முப்பது வயதுப் பெண்ணாகியிருந்தார்.

அந்த வழக்கைப் பற்றி வாசகர்களுக்குப் பல்வேறு கருத்துகள் இருக்கலாம். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களின் துயரத்தையும் மறந்துவிட முடியாது. நான் இங்கே சுட்ட விரும்புவது ஒன்றை மட்டுமே. நாட்டின் மிகக் கொடிய குற்றங்களுள் ஒன்றை விசாரித்த நீதிபதியின் முன்னும், குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லாத ஒரு குழந்தை நின்றது. சாதாரண வழக்குகளில், பெயர் தெரியாத பெண்களின் விஷயத்தில், அந்தக் குழந்தையைப் பார்க்கும் கண் நமக்கு இருக்கிறதா?

நீதிமன்றங்கள் செல்லும் திசை

அண்மைக் காலத்தில் சில உயர் நீதிமன்றங்கள் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியுள்ளன. 2020இல் டெல்லிக் கலவர வழக்கில் கைதான ஜாமியா மில்லியா பல்கலைக்கழக ஆய்வு மாணவி சஃபூரா ஸர்கர் கர்ப்பிணியாகத் திகார் சிறையில் இருந்தார். டெல்லிச் சிறைகளில் பத்தாண்டுகளில் 39 பிரசவங்கள் நடந்துள்ளன என்பது, பிணைக்கு எதிராகக் காவல் துறை முன்வைத்த வாதங்களுள் ஒன்று. நடந்திருக்கக் கூடாத ஒன்று முன்பும் நடந்தது என்பதே அதற்கு நியாயமாகிவிடும் எனும் விசித்திரமான தருக்கம் அது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று, மனிதாபிமான அடிப்படையில் அரசுத் தரப்பு எதிர்க்காத நிலையில் பிணை வழங்கப்பட்டது.

2021இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம், போதைப்பொருள் வழக்கில் சம்பந்தப்படுத்தப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு முன்பிணை அளித்து, கர்ப்பிணிகளுக்குத் தேவை பிணையே, சிறையன்று எனும் கருத்தை வெளிப்படையாகச் சொன்னது. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, அதே வகை வழக்கில் காவலில் இருந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்காக ஆறு மாதத் தற்காலிகப் பிணை வழங்கியது. சிறைச் சூழலில் நடக்கும் பிரசவம் தாயை மட்டுமின்றிக் குழந்தையையும் பாதிக்கும் என்பது அந்த அமர்வின் கருத்து. போதைப்பொருள் சட்டத்தில் பிணை பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஆணைகளின் கனம் புரியும்.

இன்னொரு தீர்ப்பும் நினைவுகூரத்தக்கது. கருவைச் சுமப்பதா, கலைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை சிறையில் உள்ள பெண்ணுக்கும் உண்டு என்று 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் கூறியது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.கே. தஹில்ரமானி பின்னாளில், புதுச்சேரியையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். இங்கும் காலமே தீர்மானிக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் பொதுவாக 20 வாரங்கள், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரங்கள் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் மருத்துவரிடம் அழைத்துச்செல்லப்படாத பெண்ணுக்கு, அந்த உரிமை தாளில் மட்டுமே இருக்கும்.

இத்தீர்ப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், இவை உயர் நீதிமன்றம்வரை வழக்கறிஞரை வைத்துப் போராட முடிந்தவர்கள் பெற்றவை. கீழமை நீதிமன்றத்தில் பிணை கிடைத்தும் ஜாமீன்தாரரைத் தேட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு இவை எட்டுவதில்லை. பிணைத்தொகை கட்ட இயலாத விசாரணைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசு 2023இல் அறிவித்தது. அத்திட்டத்தின் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் கர்ப்பிணிகள்.

பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து ஒரு பாடம்

புதுச்சேரியில் வாழ்பவன் என்ற முறையில், பிரான்ஸின் அனுபவத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் இரக்கத்துக்குப் பெயர்பெற்றதன்று. அதிலும்கூட, மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணி என்று உறுதியானால், பிரசவத்துக்குப் பின்னரே தண்டனையை நிறைவேற்ற வேண்டும் என்று விதி இருந்தது. ஆங்கிலேயச் சட்டத்திலும் இத்தகைய மரபு உண்டு. 1931இல் பிரிட்டன் கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை விதிப்பதையே நிறுத்தியது. நம் நாட்டின் இன்றைய சட்டமும், மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணி எனத் தெரிந்தால் தண்டனையை ஆயுளாகக் குறைக்கச் சொல்கிறது.

பிரான்ஸ் அத்துடன் நிற்கவில்லை. 2009 நவம்பர் 24ஆம் நாள் இயற்றிய சிறைச் சட்டத்தில், பிரசவமும் மகப்பேற்றுப் பரிசோதனையும் விலங்கு ஏதுமின்றி, சிறைக் காவலர் உடனில்லாமல் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஐ.நா. பொதுச் சபை ஏற்ற ‘பாங்காக் விதிகள்’, பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அதையடுத்தும் விலங்கிடுவதை அறவே தடைசெய்கின்றன. கர்ப்பிணிகளுக்கு இயன்றவரை சிறை அல்லாத மாற்று வழிகளைக் கருதச் சொல்கின்றன. நம் புதிய நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, சில வகைக் குற்றங்களில் கைவிலங்கிட அனுமதிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு விலக்கு என்று அப்பிரிவில் தனியாக எழுதப்படவில்லை. ஒரே ஒரு வரித் திருத்தம் போதும்.

வளர்ந்த நாடு என்பதே பாதுகாப்பாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரான்ஸ்ஃபீல்டு சிறையில், 18 வயதுப் பெண் ஒருவர் இரவில் தன் அறையில் தனியாகப் பிரசவித்தார், குழந்தை இறந்தது. உதவி கேட்டு அவர் மணியை அழுத்தியும் யாரும் வரவில்லை என்று 2021இல் வெளியான அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. 2024 ஏப்ரல் முதல் அந்நாட்டு நீதிமன்றங்கள், தண்டனை விதிக்கும்போது கர்ப்பத்தையும் மகப்பேற்றையும் தண்டனையைக் குறைக்கும் காரணியாகக் கருத வேண்டும் என்று நெறிமுறை வந்துள்ளது. பிரேசிலின் உச்ச நீதிமன்றமோ 2018இலேயே, விசாரணைக் காவலில் உள்ள கர்ப்பிணிகளையும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களையும், சில விலக்குகளோடு, ஒட்டுமொத்தமாக வீட்டுக்காவலுக்கு மாற்ற ஆணையிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

‘கர்ப்பத்தைக் கேடயமாக்கிக் குற்றவாளிகள் தப்பிவிட மாட்டார்களா?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். தற்காலிகப் பிணை விடுதலை ஆகாது. நாகபுரி வழக்கில் ஆறு மாதம் என்று வரம்பு இருந்தது. வழக்கு அப்படியே இருக்கிறது. குற்றம் உறுதியானால் தண்டனையும் காத்திருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப்போவதால் அரசு இழப்பது அநேகமாக ஏதுமில்லை. அதே ஆறு மாதம் சிசுவுக்கு ஈடுசெய்ய முடியாதது. ஒரு தரப்புக்கு மலிவாகவும் மறு தரப்புக்கு விலைமதிப்பற்றதாகவும் உள்ள ஒன்றை யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் பொருளாதாரம் படித்தவனுக்குக் குழப்பம் இருக்க முடியாது.

‘வெளியே ஏழைப் பெண்களே சிரமப்படும்போது சிறையில் இருப்பவர்களுக்குச் சலுகையா?’ என்பது அடுத்த கேள்வி. வெளியே உள்ள ஏழைப் பெண், ஒரு மருத்துவமனையில் கூட்டமாக இருந்தால் இன்னொன்றுக்குப் போகலாம். இரவில் வலி எடுத்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். அம்மாவிடம் சொல்லி அழலாம். சிறையில் உள்ளவருக்கு இவை மூன்றும் இல்லை. அவர் தாமாகப் போகும் வழியை அரசு அடைத்திருப்பதால், அழைத்துச்செல்லும் கடமை அரசின் மீது விழுகிறது. 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறும் உரிமையை அளிக்கிறது. வீட்டில் இருந்திருந்தால் கிடைக்கும் அந்த உணவு, சிறைக்கு வந்ததால் நின்றுபோகக் கூடாது. கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கிலோ கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கிலோ கலோரியும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. எல்லோருக்கும் ஒரே தட்டு எனும் சிறைச் சமையல் இதற்குப் போதாது.

1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள், அந்தச் சில மாதப் பட்டினியின் தடத்தை அவர்களின் நடுவயதிலும் கண்டன. கருவில் நேரும் குறைபாடு முதுமை வரை தொடரும் என்று பிரிட்டன் மருத்துவர் டேவிட் பார்க்கர் முன்வைத்த கருதுகோளைப் பொருளியலாளர்களும் எடுத்து ஆராய்ந்தனர். உடல்நலத்தோடு கல்வியும் வருமானமும்கூடப் பாதிக்கப்படுவதைக் கண்டனர். கர்ப்பத்தில் செலவிடாத சிறு தொகையைச் சமூகம் பின்னர் மருத்துவமனையிலும் பள்ளியிலும் பன்மடங்காகக் கட்டுகிறது. நாடெங்கும் சிறையில் உள்ள பெண்களே 23,772 பேர் எனும்போது, அவர்களில் கர்ப்பிணிகளுக்கு ஆகும் செலவு எந்த மாநில நிதிநிலை அறிக்கையையும் அசைத்துவிடாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதையும் நான் கோரவில்லை. ஐந்து சிறிய ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, சிறைக்குள் வரும் நாளிலேயே, பெண்ணின் ஒப்புதலோடும் அந்தரங்கத்துக்கு ஊறு நேராமலும் கர்ப்பப் பரிசோதனை செய்து, உத்தேசப் பிரசவ நாளைக் காவல் நீட்டிப்புத் தாளிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு 15 நாளும் நடுவரின் கண்ணில் அந்த நாள் படட்டும்.

இரண்டாவது, தாய்-சேய் நல அட்டை கைதானவரோடு வர வேண்டும். கைது செய்தியைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கும்போதே அட்டையையும் கேட்டு வாங்குவது காவல் நிலையத்தின் கடமையாக வேண்டும். அட்டை கிடைக்காவிட்டாலும், கர்ப்பிணிப் பதிவு எண்ணைக் கொண்டு சுகாதாரத் துறையிடமிருந்து விவரங்களைப் பெறலாம்.

மூன்றாவது, மருத்துவப் பரிசோதனை நாளை நீதிமன்ற வாய்தாவுக்கு நிகராகக் கருத வேண்டும். நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டிய நாளில் வழிக்காவல் எப்படியாவது கிடைத்துவிடுகிறது; நிறுத்தத் தவறினால் நீதிபதி விளக்கம் கேட்பார் என்பதே காரணம். பரிசோதனைக்கு அழைத்துச்செல்லத் தவறினாலும் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று ஆணையிட்டால் போதும். வாகனமும் ஆளும் கிடைக்கும்.

நான்காவது, விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு, கர்ப்பிணிகளின் பெயர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் எடுக்க வேண்டும். ஏழாம் மாதத்தைக் கடந்த எவரும், மிக விதிவிலக்கான காரணமின்றி, உள்ளே இருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதமாவது வீட்டில் இருக்க வழி வேண்டும். குழந்தையைப் பெற்ற தாயின் மனச்சோர்வைக் கவனிக்க, சிறை அறையில் யார் இருக்கிறார்கள்?

ஐந்தாவது, சிறைத் துறை ஆண்டுதோறும் மூன்று எண்களை வெளியிட வேண்டும்: எத்தனை கர்ப்பிணிகள் வந்தார்கள், எத்தனை பேர் பிரசவத்துக்கு முன் விடுவிக்கப்பட்டார்கள், எத்தனை பரிசோதனைகள் தவறின. எண்ணத் தொடங்கினால் கவனம் தானாக வரும்.

இதைப் புதுச்சேரியே தொடங்கிக் காட்டலாம். 1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கிருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. காலாப்பட்டு மத்திய சிறையிலிருந்து இவற்றை ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். பிரசவங்களில் ஏறத்தாழ எல்லாமே மருத்துவமனையில் நடக்கும் ஊர் இது. அதேநேரம், புதுச்சேரிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. காரைக்கால் தெற்கே 130 கிலோ மீட்டருக்கு அப்பால். மாஹே கேரளக் கரையில். ஏனாம் கோதாவரிக் கரையில். அங்கு கைதாகும் கர்ப்பிணியைக் குடும்பத்திடமிருந்தும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமிருந்தும் பிரித்துத் தொலைவுக்கு அனுப்புவதைவிட, உள்ளூரிலேயே நிபந்தனைப் பிணை வழங்குவது எளிது, மலிவும்கூட.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், தண்டனைக்குப் பேர்போன ஒரு சட்டம் கர்ப்பிணிக்காக மரண தண்டனையையே காக்க வைத்தது. குற்றம் இன்னும் உறுதிப்படாத ஒரு பெண்ணுக்காக நம் சிறைக் கதவு ஆறு மாதம் காத்திருக்க முடியாதா? வழக்குகள் அடுத்த வாய்தாவுக்குப் போகட்டும். பிரசவ வலி எடுத்தவருக்கு அடுத்த தேதி என்று ஒன்று கிடையாது.